பெயரும் விகுதியும்: தமிழர் இயற்பெயர்களின் சமுதாய அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

தமிழர் பெயர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை சொற்பிறப்பு நோக்கில் அமைந்தவை. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அதன் பகுதி தமிழா வடமொழியா என வினவி, அது குறிக்கும் பொருளைக் கூறி, அப்பொருளின் சிறப்பை வியந்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. இம்முயற்சிகள் பயனற்றவை அல்ல. ஆயின், பெயரை ஒரு சொல்லாக மட்டுமே நோக்குவதால், அப்பெயரை இட்டவர் யார், எழுதியவர் யார், அழைத்தவர் யார் என்னும் வினாக்கள் எழாமலே போய்விடுகின்றன. மனிதன் தனக்குத் தானே பெயரிட்டுக் கொள்வது அரிது. பெயர் பிறரால் இடப்படுவது, பிறரால் விளிக்கப்படுவது. எனவே அது அடிப்படையில் ஒரு சமுதாய உறவு.

கந்தன், கந்தர், கந்தையா, கந்தசாமி, கந்தப்பிள்ளை ஆகிய ஐந்து பெயர்களை நோக்குவோம். சொற்பிறப்பாய்வாளருக்கு இவை யாவும் ஒரே பெயர், முருகனைக் குறிப்பவை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணக் கிராமமொன்றில் வாழ்ந்தவருக்கோ இவை ஒரே பெயராக இருந்திருக்க முடியாது. பெயரின் கடைசி அசையைக் கேட்ட மாத்திரத்தே, அப்பெயருக்குரியவர் திண்ணையில் இருப்பவரா முற்றத்தில் நிற்பவரா என்பதை அவர் அறிந்துகொள்வார். பகுதி தெய்வத்தைக் குறித்தது. இறுதியில் நின்ற உறுப்பு மனிதனின் இடத்தைக் குறித்தது. ‘ஐயா’, ‘பிள்ளை’ என்பன இலக்கண நூலார் கருத்தில் விகுதிகள் அல்லவெனினும், வசதி கருதி இக்கட்டுரையில் அவற்றையும் விகுதி என்றே குறிப்பிடுகின்றோம். தமிழர் இயற்பெயர்களின் வரலாற்றைப் பகுதியிலன்றி விகுதியிலேயே தேடுதல் வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2

பெயர் சமுதாய உறவைச் சுட்டுவது என்பதனைத் தமிழிலக்கண மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்துமிடத்து, நிலம், குடி, தொழில், உடைமை, உறவுமுறை ஆகியவற்றின் அடியாகத் தோன்றும் பெயர்களைத் தனித்தனியே எண்ணுகின்றது. சிறப்புப் பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரை முன்னே கூறும் வழக்கமில்லை எனவும் அந்நூல் விதிக்கின்றது. தகுதி முன்னே, ஆள் பின்னே என்பது சொல்லொழுங்கு மட்டுமன்று. அது ஒரு சமுதாய ஒழுங்குமாகும்.

இதனினும் சுவையான செய்தி எழுத்ததிகாரத்திற் கிடைக்கின்றது. ஆதன் என்னும் பெயருடன் தந்தை என்னும் முறைப்பெயர் சேருமிடத்து ‘ஆந்தை’ எனவும், பூதன் என்பதனோடு சேருமிடத்துப் ‘பூந்தை’ எனவும் ஆகும் என்பது விதி. பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரை இவ்வாறே பிசிர் என்னும் ஊரினரான ஆதனின் தந்தை எனப் பிரிப்பர். மறுதலையாக, சாத்தனின் மகனான கொற்றன் ‘சாத்தங்கொற்றன்’ ஆவான். தந்தையின் பெயரால் மகனும், மகனின் பெயரால் தந்தையும் அறியப்பட்டமை, தனிமனிதன் குலத் தொடர்பிலிருந்து முற்றாகப் பிரியாத ஒரு சமுதாய நிலையைக் காட்டுகின்றது. ஆதன் என்னும் பெயரைக் கீழடிப் பானையோடுகளிலும் காண்கின்றோம். அது அரசருக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. சேர மன்னர்களும் அதனைத் தாங்கினர், பானைக்கு உரியவரும் தாங்கினர்.

பாட்டன் பெயரைப் பெறுபவன் பெயரன். அதுவே பேரன் எனத் திரிந்தது. யாழ்ப்பாண வழக்கில் பாட்டனே பேரன் எனவும் பாட்டியே பேத்தி எனவும் அழைக்கப்படுதல் குறிப்பிடத்தக்கது. பெயர் கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் ஒரே சொல் வழங்கும் இந்நிலை, பெயர் ஒரு பரம்பரைச் சொத்தாகக் கருதப்பட்டதன் விளைவெனலாம். தேசவழமை கூறும் முதுசொம்மைப் போலவே பெயரும் ஆண்வழியில் இறங்கி வந்தது.

சங்கத் தொகைநூல்களிலே புலவர் பெயர்களுடன் தொழிற் பெயர்கள் இயல்பாக இணைந்து நிற்பதைக் காணலாம். அறுவை வாணிகன் இளவேட்டனார், கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், பொற்கொல்லன் வெண்ணாகனார், வெண்ணிக்குயத்தியார், குறமகள் இளவெயினி என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் உப்பு வாணிகனும் கொழு வாணிகனும் தத்தம் பெயரைத் தொழிலோடு சேர்த்தே பொறித்துள்ளனர். தொழில் பெயரோடு சேர்ந்திருந்தும் அது இழிவாகக் கருதப்படவில்லை என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது. குயவர் குலப் பெண்ணுக்கும் ‘ஆர்’ விகுதி கிடைத்தது.

ஆயினும் அவ்விகுதி எப்போது கிடைத்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். புறநானூற்றுப் பாடல்களுக்குள்ளே கபிலர் ‘கபிலன்’ என்றே சுட்டப்படுகின்றார். ‘கபிலர்’ என்பது பாடலுக்குப் புறத்தே, தொகுத்தோர் எழுதிய குறிப்புகளில் வருவது. பாணரும் புலவரும் மன்னரும் நேர்நின்று உரையாடிய காலத்து ‘அன்’, நூல்கள் தொகுக்கப்பட்ட காலத்தில் ‘அர்’ ஆயிற்று. சம்பந்தர் தமது பதிகங்களின் இறுதியில் தம்மை ‘ஞானசம்பந்தன்’ என்றே கூறிக்கொள்கின்றார். அவரைச் சம்பந்தர் ஆக்கியது பிற்கால மரபு. மரியாதை விகுதியின் வளர்ச்சி, சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வு நிலைபெற்றதன் மொழிவடிவம் என்பதற்கு இவை தடயங்களாகும்.

3

நிலவுடைமை உறுதிப்பட்ட காலத்தில் பெயருக்கும் சொத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையாகின்றது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்கள் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோரால் தொகுக்கப்பட்டு 1978இல் வெளிவந்தன. ஊர்ப்பெயரோடு ‘உடையான்’, ‘கிழவன்’ என்பன சேர்ந்து வரும் பெயர்கள் நிலத்தின் மீதான உரிமையையே அறிவிக்கின்றன. மூவேந்தவேளான், பல்லவரையன், விழுப்பரையன் போன்ற பட்டங்களோ அரசன் வழங்கியவை. மன்னனின் பெயரை முன்னடையாகக் கொண்டவை. தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய தச்சரின் தலைவன் குஞ்சரமல்லன், இராசராசப் பெருந்தச்சன் எனப் பெயர் பெற்றான். உழைப்பு தச்சனுடையது, பெயரின் முற்பகுதி அரசனுடையது.

அதே கோயிலின் கல்வெட்டொன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களைத் தனித்தனியே தருகின்றது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லுக்குரிய ஒரு பங்கும் வகுக்கப்பட்டன. சாதாரணப் பெண்களின் பெயர்கள் இத்துணை எண்ணிக்கையில் எழுத்திற் பதியப்பட்டமை அக்கால வரலாற்றில் மிக அரிது. ஆனால் அவர்கள் பெயருக்கு முன்னே தந்தையின் பெயர் இல்லை. சிவனைக் குறிக்கும் ‘நக்கன்’ என்னும் சொல்லே அவ்விடத்தில் நிற்கின்றது. குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கோயிலுக்கு உரியவராக்கப்பட்டதனாலேதான் அவர்கள் பெயர் கல்லில் ஏறியது. மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்த எண்ணற்ற பெண்கள் பெயரின்றியே மறைந்தனர்.

இறைவன் பெயரை மக்களுக்கு இடும் வழக்கம் பக்தி இயக்கத்தோடு பெருகியது. இதனைச் சமய உணர்வின் வெளிப்பாடாக மட்டும் காண்பது போதாது. பெரியாழ்வார் தமது திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கியுள்ளார். காசுக்கும் கரையுள்ள ஆடைக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைகளுக்கு மானிடர் பெயரை இடும் பெற்றோரை அவர் கடிந்து, நாரணன் பெயரை இடுமாறு வேண்டுகின்றார். இக்கண்டனத்தின் ஊடாக எமக்கொரு வரலாற்றுச் செய்தி கிடைக்கின்றது. செல்வர்களின் பெயரைத் தம் பிள்ளைக்கு இட்டு, அதற்குப் பிரதியாகப் பொருள் பெறும் வழக்கம் அக்காலத்தில் நிலவியிருத்தல் வேண்டும். பெயரிடுதல் புரவலனுக்கும் சார்ந்து வாழ்வோனுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாக இருந்தது. ஆழ்வார் மானிடப் புரவலனுக்குப் பதிலாகத் தெய்வப் புரவலனை வைத்தார்.

தெய்வத்தின் முன் யாவரும் அடியார் என்னும் சமத்துவத்தின் எல்லையையும் ஒரு பெயரே காட்டுகின்றது. ஆதனூர்ப் புலையரான அடியாருக்குத் ‘திருநாளைப்போவார்’ என்பது பெயர். தில்லைக்குள் புகமுடியாதவர், நாளைப் போவேன் நாளைப் போவேன் எனக் கூறிக் காலங்கழித்ததனால் வந்த பெயர் அது. ‘ஆர்’ விகுதியும் ‘திரு’ என்னும் அடையும் அவருக்கு வழங்கப்பட்டன. ஆயினும் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது விலக்கப்பட்டதன் வரலாறே. மரியாதை கொடுக்கப்பட்டது, கதவு திறக்கப்பட்டது தீயில் மூழ்கி எழுந்த பின்னர்தான்.

4

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவோம். பொன்னம்பலம், கனகசபை, தில்லையம்பலம், சிதம்பரப்பிள்ளை, அம்பலவாணர், சபாபதி, சபாரத்தினம், நடராசா என்னும் பெயர்கள் இங்கு முற்காலத்தில் மிகப் பெருவழக்காய் இருந்தன. இவை யாவும் சிதம்பரம் என்னும் ஒரே தலத்தைச் சார்ந்தவை. பொன்னம்பலமும் கனகசபையும் பொருளால் ஒன்றே. யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளர் சிதம்பரத்தில் மடங்களும் அறக்கட்டளைகளும் நிறுவியிருந்தனர். ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கடல்கடந்து சென்று தரிசிக்கவும் தருமஞ் செய்யவும் வசதி படைத்த ஒரு வகுப்பாரின் சமயப் பண்பாடு இப்பெயர்களிற் பதிந்துள்ளது. நாவலர் பெயரே இவ்விடத்து ஓர் உதாரணமாகும். கந்தர் மகன் ஆறுமுகம், 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய பட்டத்தால் நாவலர் ஆனார். பின்னர் பட்டமே பெயராகியது.

சிதம்பரப் பெயர்களுக்கு மறுபுறத்தில் நின்றவை கந்தன், வேலன், சின்னவன், வள்ளி, சின்னி, பொன்னி என்பன. வேளாளன் வீட்டில் வேலுப்பிள்ளை, அவனுடைய கமத்தில் உழைப்பவன் வேலன். வீட்டிலுள்ளவள் வள்ளியம்மை, வெளியே நெல்லுக் குற்றுபவள் வள்ளி. பெற்றோர் விரும்பி இட்ட பெயரின் பின்னுறுப்பை வெட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதுவித்தமை ஒடுக்கப்பட்ட மக்களின் வாய்மொழி நினைவுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் செய்தியாகும். பிறப்புப் பதிவு ஆங்கில ஆட்சி கொணர்ந்த நவீன நிர்வாக முறை. எல்லாரையும் ஒரே படிவத்திற் பதிவது. ஆனால் பேனை பிடித்த கை பழைய சமுதாய அமைப்புக்கு உரியதாக இருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிந்தது; அதன் பின்னும் அடிமையின் விகுதி பெயரில் நீடித்தது.

இதன் முரண் 1968இல் மாவிட்டபுரத்தில் வெளிப்பட்டது. கந்தசுவாமியின் கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கந்தன் என்றும் வேலன் என்றும் வள்ளி என்றும் பெயர் தாங்கிவந்த மக்கள். கடவுளின் பெயரைத் தாங்கத் தகுதியுடையவர்கள் கடவுளைக் காணத் தகுதியற்றவர்களாயினர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பதினொரு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தும் நிலைமை இதுவே. கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்களைப் படிப்போர், நயினார், கமக்காரன் என்னும் விளிகளும் அவற்றுக்கு மறுமொழியாக வரும் வெறும் பெயர்களும் எவ்வாறு ஓர் ஆதிக்க முறையைத் தாங்கிநிற்கின்றன என்பதை உணர்வர்.

மதமாற்றம் இவ்வமைப்பை மாற்றியதா? போர்த்துக்கேயர் காலம் முதல் கத்தோலிக்கரிடையே வழங்கிய பெயர்கள் வளமான மொழிபெயர்ப்புத் திறனைக் காட்டுகின்றன. சவேரியார் சவிரிமுத்து ஆனார். யோசேப்பு சூசைப்பிள்ளை ஆனார். சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பர் ஆகவே சின்னப்பு என்னும் பெயர் தோன்றியது. இறையருள் என்னும் பொருள் கொண்ட யோவான் அருளப்பர் ஆகவே அருளப்பு தோன்றியது. ஆயினும் சந்தியாப்பிள்ளை, மரியாம்பிள்ளை என்பவற்றில் மாறியது பகுதியே. விகுதி பழையபடி நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் திருமணமும் சொத்துரிமையும் உத்தியோகமும் திருச்சபைப் பதிவேட்டோடு பிணைக்கப்பட்டமையால், பதிவுக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஒரு பெயருமாக வாழ்ந்தவர் பலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மிசன் வரலாற்றில் பெரியாழ்வார் கண்டித்த வழக்கம் புதுவடிவிலே தோன்றுகின்றது. 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலும், மிசனின் ஏனைய விடுதிப் பாடசாலைகளிலும், மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் விருப்பப்படி அவர்களுக்குப் பெயர்கள் இடப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் முற்பெயர்கள் இவ்வாறு வந்தவை. புரவலன் கடலுக்கு அப்பால் இருந்தான். அவனுடைய பெயர் இங்கே ஒரு சிறுவன் மீது நடமாடியது. ஆனால் இப்பெயர்களைத் தாங்கியோரே தமிழியலுக்குப் பெருந்தொண்டு செய்தனர் என்பதும் வரலாற்றின் இயங்கியலாகும். சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வெளிவந்தது. தமிழ்ப் புலவர்களின் பெயர்களை அகரவரிசைப்படி நிரல்படுத்திய முன்னோடி நூல்களுள் அது ஒன்று.

5

கமத்தில் விகுதியை இழந்த பெயர், மலையகத் தோட்டங்களில் இன்னொரு மாற்றத்துக்கு உட்பட்டது. அங்கே பெயர் என்னும் சொல்லே புதுப்பொருள் பெற்றது. 1830கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் பெயர்கள் கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் எழுதப்பட்டன. காலையில் பெரட்டுக்களத்தில் வந்து நின்று, குறித்த அளவு வேலையை முடித்தால் அன்றைக்கு ஒரு ‘பேர்’. குறைந்தால் ‘அரைப்பேர்’. நாட்சம்பளத்தின் அலகாகப் பேர் என்னும் சொல் வழங்கிய, வழங்கும் இம்மொழிவழக்கைக் காட்டிலும் உழைப்புச் சக்தி பண்டமாவதைத் தெளிவாக எடுத்துரைக்கும் சொல்லாட்சி தமிழில் வேறில்லை. தொல்காப்பியர் பெயரைப் பல கூறுகளாக வகுத்தார். அதனைப் பாதியாக வெட்டலாம் என்று கண்டது தோட்ட முதலாளித்துவம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரசாவுரிமை கோரியோர், தாம் இன்னார், இன்னாரின் பிள்ளை, இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தோர் என்பதை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் எழுதுபவர் காதுக்கு எட்டியபடி ஒரு பெயர், பிறப்புப் பதிவில் மற்றொரு பெயர் என இருந்த மக்களுக்கு எழுத்து வேறுபாடே உரிமை மறுப்பாக முடியக்கூடியதாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியைப் பேசியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட. அங்கும் ‘பேர்’ என்பது எண்ணிக்கையே. ஒப்பந்தத்தில் எவருக்கும் பெயர் இல்லை.

6

இருபதாம் நூற்றாண்டில் பெயரைச் சீர்திருத்த எழுந்த இரு முயற்சிகளை ஒப்புநோக்குதல் எமது கருத்தைத் தெளிவுபடுத்தும். தமிழகத்தில் 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வர், சுவாமி வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. மொழி மாறியது, படிநிலை மாறவில்லை. இது பகுதியின் சீர்திருத்தம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடோ பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விடுமாறு கோரியது. இது விகுதியின் சீர்திருத்தம். முன்னையது மொழியுணர்வின் விளைவு. பின்னையது சமுதாய உறவையே தொட்டது. யாழ்ப்பாணத்தில் முன்னையதன் செல்வாக்கே மிகுதியாக உணரப்பட்டது என்பது தற்செயலானதன்று. பிள்ளை என்பது இங்கு பட்டமாகப் பிரிந்து நில்லாது பெயரின் உள்ளேயே கரைந்திருந்தமையும் அதற்கொரு காரணம்.

எனினும் இயக்கம் செய்யாததைக் காலம் ஓரளவு செய்தது. கடந்த நான்கு, ஐந்து தசாப்தங்களாக ஈழத்தமிழரிடையே டிலக்சன், டினோஜன், கஜீபன் என்னும் பாங்கிலான பெயர்கள் பெருகியுள்ளன. இவற்றுக்குப் பொருளில்லை, டகரம் மொழிக்கு முதலாகாது, எண்சோதிடத்துக்கு அடிமையாகித் தமிழைக் கெடுக்கின்றனர் என்று தமிழறிஞர் வருந்துகின்றனர். எண்சோதிடத்தின் பிடி பற்றிய கண்டனம் நியாயமானதே. ஆனால் விகுதியை நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். அன்று பிள்ளை என்றும் ஐயா என்றும் முடிந்த குடும்பங்களின் பிள்ளைகளும், கந்தன் என்றும் வேலன் என்றும் முடிந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று ஒரேவிதமாக ‘அன்’ என்றே முடிகின்றனர். தாழ்வின் குறியாக இருந்த விகுதி பொதுவிகுதியாகிவிட்டது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே சாதியை அறிய முடியாத முதல் தலைமுறை இதுவே. இலவசக் கல்வியும், கோயில் நுழைவுப் போராட்டங்களும், இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இதற்குப் பின்னணியாகும். அகராதியிற் பொருளற்ற இப்பெயர்கள் சமுதாய வரலாற்றில் பொருளற்றவை அல்ல.

இதனால் சாதி மறைந்தது எனக் கருதுவது பேதைமை. பெயர் சொல்ல மறுத்ததை இன்று ‘எவ்விடம்?’ என்னும் கேள்வி கேட்டறிய முனைகின்றது. திருமண விளம்பரம் வெளிப்படையாகவே எழுதுகின்றது. பெயரால் மனிதனைப் பிரித்தறியும் வழக்கம் இன ஒடுக்குமுறைக்கும் கருவியாகியமையை 1983 யூலையில் கண்டோம். அன்று தம் பெயரைச் சொல்ல அஞ்சியோர் எல்லாச் சாதியினரும் எல்லா வர்க்கத்தினருமாவர். மேலும், விகுதிச் சமத்துவம் ஆண்களுக்கு வந்த அளவுக்குப் பெண்களுக்கு வரவில்லை. பெண்ணின் பெயருக்கு முன்னுள்ள எழுத்து திருமணத்தோடு மாறுகின்றது. தந்தையின் உடைமை என்பது கணவனின் உடைமை என்றாகின்றது.

இத்துறையில் செய்யப்பட வேண்டிய ஆய்வு மிகுதியாக உள்ளது. பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், பழைய பாடசாலைகளின் சேர்விடாப்புகள், காணி உறுதிகள், தோட்டத்துச் செக்ரோல்கள் ஆகியவற்றுள் யுத்தத்துக்கும் கறையானுக்கும் தப்பியவை இன்னும் உள்ளன. அரசர்களின் மெய்க்கீர்த்திகளைப் படிக்க நாம் காட்டிய ஊக்கத்தில் ஒரு பகுதியையேனும் இவற்றைப் படிப்பதிற் காட்டுதல் வேண்டும். உழைத்த மக்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் பெயர்கள், பிறர் கையால் குறுக்கப்பட்ட வடிவிலேனும், எழுதப்பட்டுள்ளன. அக்குறுக்கத்தின் அளவை அறிவது அவர்கள் வரலாற்றை எழுதுவதற்கான முதற்படியாகும்.